மாங்காயில் புழு, பொறியில் ஈ: சென்னை வட்டாரத்துக்கான பழ ஈ கண்காணிப்புக் கேள்வி பதில்

மாவடு சந்தைக்கு வரும் நாளில் தொடங்கி நீலம் முடியும்வரை, திருவள்ளூர், ஊத்துக்கோட்டை, மதுராந்தகம் பக்கத்துத் தோப்புக் குத்தகைக்காரர்களும் சென்னையில் கொல்லையில் ஒரு மாமரமோ கொய்யாவோ வைத்திருப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலானவை பழ ஈயை மணத்தால் இழுத்துப் பிடிக்கும் பொறியைப் பற்றியவை. பொறியில் விழும் ஈயை எண்ணாமல் பொறி கட்டுவதில் பாதிப் பயன்கூட இல்லை என்பது என் கட்சி. பதில்களிலும் அந்தச் சாய்வு இருக்கும்.

வெளியே ஓட்டையே இல்லை. நறுக்கினால் உள்ளே வெள்ளைப் புழு நெளிகிறது. எப்படிப் போனது?

புழுவாகப் போகவில்லை, முட்டையாகப் போனது. காய் முற்றிப் பழுக்கத் தொடங்கும் நேரத்தில் பெண் ஈ அதன் தோல்மேல் உட்கார்ந்து, வயிற்று நுனியில் உள்ள ஊசி போன்ற உறுப்பால் குத்தித் தோலுக்குச் சற்றுக் கீழே முட்டைகளைச் செருகிவிடும். குத்திய இடத்தில் ஒரு சொட்டுப் பால் கசிந்து காயும். மாங்காயைக் கையில் உருட்டி வெளிச்சத்தில் பார்த்தால், குண்டூசி குத்தியது போன்ற ஒரு கரும்புள்ளியும் அதைச் சுற்றி மிக மெல்லிய பழுப்பு வளையமும் தெரியும். விரலால் அழுத்தினால் அந்த இடம் மட்டும் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். அதுதான் அடையாளம்.

ஓரிரு நாளில் முட்டை பொரியும். புழு சதையைத் தின்றுகொண்டே கொட்டையை நோக்கிப் போகும். ஒரு வாரம், பத்து நாளில் முழு வளர்ச்சி அடைந்து பழத்தைத் துளைத்து வெளியே வரும். அந்தப் புழுவை ஒரு தட்டில் போட்டுப் பாருங்கள்: தலையும் வாலும் சேரும்படி வளைந்து, சட்டென்று விடுபட்டு அரையடி தூரம் துள்ளும். மாங்கொட்டை வண்டின் புழு இப்படித் துள்ளாது, கொட்டைக்குள்ளேயே கிடக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு மருந்து வாங்குபவர்கள் நிறையப் பேர். கொட்டை வண்டுக்கு இந்தப் பொறி எதுவும் செய்யாது.

வெளியே வந்த புழு மண்ணுக்குள் சில செ.மீ. ஆழத்தில் கூட்டுப்புழுவாகும். பழுப்பு நிறத்தில் அரிசிமணி அளவில் இருக்கும். ஒன்பது, பத்து நாள் கழித்து ஈயாக வெளியே வரும். நம் வெயிலுக்கு முட்டையிலிருந்து மறு முட்டை வரை ஏறக்குறைய ஒரு மாதம். ஒரு பெண் ஈ தன் வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேல் முட்டை இடக்கூடியது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

சமையலறையில் வாழைப்பழத்தைச் சுற்றுகிற குட்டி ஈ இதுதானா?

இல்லை. அது 2, 3 மி.மீ. அளவுள்ள சிவந்த கண் ஈ. கனிந்து புளித்த பழத்துக்கு வருவது. நல்ல காயைக் குத்தாது. தோப்பில் நாம் பேசும் ஈ வீட்டு ஈ அளவு இருக்கும், மஞ்சளும் பழுப்புமாக இருப்பதால் முதல் பார்வையில் குளவியோ என்று தோன்றும்.

நம் வட்டாரத்தில் என்னென்ன பழ ஈக்கள் உண்டு? பார்த்ததும் எப்படிச் சொல்வது?

பொறியில் அதிகம் விழுவது மூன்று இனங்கள்.

முதலாவது பாக்ட்ரோசெரா டோர்சாலிஸ். முதுகு கறுத்திருக்கும், இரு பக்கமும் மஞ்சள் கோடு ஓடும், வயிற்றின்மேல் ஆங்கில 'T' வடிவில் கறுப்புக் குறி. இறக்கை கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், முன் ஓரத்தில் மட்டும் மெல்லிய கரும்பட்டை. மாம்பழத்துக்குப் பெரிய எதிரி இதுதான்.

இரண்டாவது சோனேட்டா. உடல் செம்பழுப்பு. இறக்கை ஓரத்தில் பட்டை முழுதாக ஓடாது, நுனியில் மட்டும் தனியாக ஒரு பொட்டு. மூன்றாவது கரெக்டா, கொய்யாவில் அதிகம். இதற்கும் இறக்கை நுனியில் பொட்டு உண்டு, ஆனால் முதுகு கறுப்பு. முகத்தைப் பெருக்கிப் பார்த்தால் சோனேட்டாவுக்கு இரண்டு தனித்தனிக் கரும்புள்ளிகள் இருக்கும், கரெக்டாவுக்கு அவை ஒன்றாகச் சேர்ந்து குறுக்குக் கோடாக இருக்கும். கைப்பேசிக் கேமராவின் அருகுப் படத்திலேயே இது தெரிகிறது.

இந்த மூன்றின் ஆண் ஈக்களும் மெத்தில் யூஜினால் என்ற ஒரே மணப்பொருளுக்கு மயங்கி வருபவை. பாகல், பீர்க்கு, புடல், பூசணியைக் கெடுக்கும் ஈ வேறு. அதன் முதுகில் மூன்று மஞ்சள் கோடுகள், இறக்கையில் தடித்த பட்டை. அது மெத்தில் யூஜினாலுக்கு வராது, கியூலூர் என்ற வேறு கவர்ச்சிப் பொருளுக்கு வரும். மாடித் தோட்டத்தில் பாகற்கொடிக்கு மாம்பழப் பொறியைக் கட்டிவிட்டு ஒன்றுமே விழவில்லை என்பவர்களுக்குப் பதில் இதுதான். இலந்தைக்கு இன்னொரு ஈ இருக்கிறது. அதற்கும் மெத்தில் யூஜினால் பயன்படாது.

பொறியில் ஆண் ஈ மட்டும்தான் விழுமாம். முட்டை இடுவது பெண். அப்புறம் பொறி எதற்கு?

சரியான கேள்வி. பொறி விற்பவர்கள் சொல்லாத விஷயமும் இதுதான்.

ஓர் ஆண் பல பெண்களோடு சேரும். அதனால் ஆண்களில் பாதியைப் பிடித்தாலும் மிச்சப் பாதி போதும், பெண்கள் எல்லாம் முட்டையிட. ஆண்களை ஏறக்குறைய முற்றிலும் துடைத்தால்தான் இனப்பெருக்கம் நிற்கும். அப்படி நடந்தும் இருக்கிறது. பசிபிக்கில் உள்ள ரோட்டா தீவில் 1960களிலும், ஜப்பானின் ஒகினாவா தீவுகளில் 1986 வாக்கிலும் மெத்தில் யூஜினாலையே பயன்படுத்தி டோர்சாலிஸை ஒழித்தார்கள். ஆனால் அவை தீவுகள், சுற்றிலும் கடல். அரசே தீவு முழுவதும் ஒரே நேரத்தில் செய்தது. உங்கள் மூன்று ஏக்கர் தோப்புக்கு வேலிக்கு அப்பால் அடுத்தவர் தோப்பு இருக்கிறது. ஈ கிலோமீட்டர் கணக்கில் பறக்கும்.

ஆகவே பொறியைக் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டராக நினையுங்கள். தோப்பில் ஈ இருக்கிறதா, எந்த இனம், போன வாரத்தைவிட ஏறுகிறதா இறங்குகிறதா, எந்த மூலையிலிருந்து வருகிறது என்பதை அது சொல்லும். அதைப் பார்த்து மற்ற வேலைகளை நீங்கள்தான் செய்யவேண்டும். ஏக்கருக்கு 10 பொறி, அதாவது ஹெக்டேருக்கு 25 என்று நெருக்கமாகக் கட்டினால் ஈ ஓரளவு குறையும். வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையும் அதுதான். வெறும் கண்காணிப்புக்கு ஏக்கருக்கு ஒன்றிரண்டு போதும். இரண்டில் எதற்காகக் கட்டுகிறோம் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பெண் ஈயையும் பார்க்கவேண்டுமானால் புரதக் கவர்ச்சி வேண்டும். முட்டை முதிர்வதற்குப் பெண்ணுக்குப் புரதம் தேவை. ஈஸ்ட் கரைசல் வைத்த மக்ஃபெயில் பொறி என்ற குவளைப் பொறிக்கு இரண்டு பாலும் வரும். ஆனால் கண்ட கண்ட பூச்சியும் விழும், கரைசலை வாராவாரம் மாற்ற வேண்டும், நாற்றமும் சேரும். பெரிய தோப்புக்காரர் ஒன்றிரண்டு வைக்கலாம். வீட்டுக்கு வேண்டாம்.

மெத்தில் யூஜினால் என்பது என்ன? துளசியே போதும் என்கிறார்களே?

துளசியில் இருக்கும் மணப்பொருட்களில் ஒன்று. ஆண் ஈக்கள் அதைத் தேடி வந்து நக்கித் தின்கின்றன. தின்ற பொருளை உடலுக்குள் மாற்றிப் பெண்ணை ஈர்க்கும் வாசனையாக வெளியே விடுகின்றன. இதைக் கவனித்த இடம் நம் நாடுதான். பிகாரில் பூசாவில் இருந்த வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் எஃப். எம். ஹௌலெட் என்ற பூச்சியியலாளர், சிட்ரோனெல்லா எண்ணெயில் பழ ஈக்கள் மொய்ப்பதையும் மொய்ப்பவை எல்லாம் ஆண்களாக இருப்பதையும் பார்த்து 1912-இல் எழுதினார். அடுத்த சில ஆண்டுகளில் காரணமான பொருள் மெத்தில் யூஜினால் என்று கண்டார். இன்று உலகம் முழுக்கத் துறைமுகங்களிலும் விமான நிலையங்களைச் சுற்றியும் தொங்கும் பொறிகளுக்கு மூலம் அந்தக் கவனிப்பு.

துளசி இலையைக் கசக்கி வைத்தால் சில ஈக்கள் வரத்தான் செய்யும். ஆனால் செடிக்குச் செடி அந்தப் பொருளின் அளவு மாறும், ஒன்றிரண்டு நாளில் மணம் போய்விடும். தோப்பில் ஈ இருக்கிறதா இல்லையா என்று பார்க்கச் சரி. வாரத்துக்கு வாரம் ஒப்பிட உதவாது.

எப்போது கட்டுவது, எங்கே கட்டுவது?

மாவடு உதிரும் நாளிலேயே கட்டிவிடுங்கள். காயில் கருப்பு விழுந்த பிறகு பொறி வாங்க ஓடுவதுதான் பொதுவாக நடக்கிறது. அதற்குள் ஒரு தலைமுறை மண்ணுக்குள் போயிருக்கும். அறுவடைக்கு இரண்டு மாதம் முன்பே எண்ணிக்கை தொடங்கினால்தான் ஏறுவது தெரியும்.

கத்திரி வெயிலில் ஈ கொஞ்சம் அடங்கியதுபோல இருக்கும். நடுவில் ஒரு கோடை மழை பெய்து மண் நனைந்தால், அடுத்த வாரமே பொறி நிறையும். செந்தூரா, பங்கனப்பள்ளியைவிடப் பின்னால் வரும் ருமானிக்கும் நீலத்துக்கும் அடி அதிகம் விழுவது இதனால்தான். அதுவரை பெருகிய ஈ எல்லாம் மிச்சமிருக்கும் காயைத் தேடி வரும். மாமரம் முடிந்ததும் பொறியைக் கழற்றிவிடாதீர்கள். வடகிழக்குப் பருவமழைக்குப் பிந்திய கொய்யாவில் அதே ஈதான் தொடரும்.

இடம்: மரத்தின் நிழல் விழும் கிளையில், ஆள் மார்பளவுக்கும் தலைக்கும் நடுவில், சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில். இலை முட்டாமல் சுற்றிலும் கொஞ்சம் வெளி இருக்க வேண்டும். நேர்வெயிலில் தொங்கினால் மருந்து சீக்கிரம் ஆவியாகிவிடும். காற்று வரும் பக்கத்து ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று என்று பிரித்துக் கட்டுங்கள். ஓரப் பொறியில் மட்டும் ஏறினால் ஈ வெளியிலிருந்து வருகிறது. நடுப் பொறியிலும் சேர்ந்து ஏறினால் உங்கள் தோப்பிலேயே பொரிகிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். மெத்தில் யூஜினாலையும் கியூலூரையும் ஒரே பொறியில் வைக்காதீர்கள்.

பொறியை வீட்டிலேயே செய்யலாமா?

தாராளமாக. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், மேல்பாதியில் சுண்டுவிரல் நுழையும் அளவில் நான்கு துளை, மூடி வழியாக ஒரு கம்பி, கம்பி நுனியில் மருந்தூறிய ஒட்டுப்பலகைத் துண்டு. பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் முறையில் எரிசாராயம், மெத்தில் யூஜினால், மாலத்தியான் என்ற பூச்சிக்கொல்லி மூன்றையும் 6:4:1 என்ற அளவில் கலந்து அதில் பலகையை ஊறவைப்பார்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் மாலத்தியான் வைத்து விளையாட வேண்டாம். ஊறிய கட்டையாகவே கடையில் கிடைப்பதை வாங்கிக்கொள்ளுங்கள். அல்லது மருந்து இல்லாத கவர்ச்சிக் கட்டையைத் தொங்கவிட்டுப் பாட்டிலின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குச் சோப்புத் தண்ணீர் ஊற்றுங்கள்.

கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள், கட்டையை முகர்ந்து பார்க்காதீர்கள். பாட்டிலின் வெளிப்பக்கத்தில் ஒரு சொட்டு ஒழுகினாலும் ஈக்கள் உள்ளே போகாமல் அந்தச் சொட்டிலேயே மொய்த்துவிட்டுப் போய்விடும். எண்ணிக்கை கெடுவதற்கு நான் பார்த்தவரை இதுதான் முதல் காரணம். இரண்டாவது எறும்பு. விழுந்த ஈயை எறும்பு ராத்திரியோடு ராத்திரியாக இழுத்துப் போய்விடும், காலையில் பாட்டில் காலியாக இருக்கும், "எங்கள் தோப்பில் ஈயே இல்லை" என்பார்கள். தொங்கும் கம்பியில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் தீர்ந்தது.

கட்டையின் ஆயுள் உறைமேல் அச்சிட்டபடி நம் மே மாதத்தில் நிற்பதில்லை. பக்கத்துப் பொறியில் விழும்போது இதில் மட்டும் விழாமல் போனால் மாற்றுங்கள். மாற்றிய தேதியைப் பாட்டில்மேல் மார்க்கரில் எழுதுங்கள்.

எண்ணுவது எப்படி? எத்தனை ஈ விழுந்தால் ஆபத்து?

வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில். பாட்டிலைப் பழைய செய்தித்தாளில் கவிழ்த்து, குச்சியால் பத்துப் பத்தாக ஒதுக்கி எண்ணுங்கள். எண்ணியதை அங்கேயே வைக்காமல் புதைத்துவிடுங்கள். பிறகு ஒரு வகுத்தல்: மொத்த ஈயைப் பொறிகளின் எண்ணிக்கையாலும் நாட்களின் எண்ணிக்கையாலும் வகுக்க வேண்டும். உதாரணமாக 4 பொறி, 7 நாள், மொத்தம் 84 ஈ என்றால் 84-ஐ 28-ஆல் வகுத்து 3. அதாவது ஒரு பொறிக்கு ஒரு நாளைக்கு 3 ஈ. உலகம் முழுவதும் பழ ஈயை அளக்கும் முறை இதுதான். பொறி எத்தனை என்றாலும், எட்டாம் நாள் போய் எண்ணினாலும் ஒப்பிட முடியும்.

பன்னாட்டு அணுசக்தி முகமையின் வழிகாட்டியில், இந்த எண் 1-க்கு மேல் இருந்தால் அந்தப் பகுதியில் ஈ நிலையாகக் குடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வார்கள். 1-க்கும் 0.1-க்கும் நடுவில் கட்டுப்படுத்தும் கட்டம். அதற்கும் கீழே ஒழிப்புக் கட்டம். அணுசக்திக்கும் ஈக்கும் என்ன என்று கேட்பீர்கள்: கதிர்வீச்சால் மலடாக்கிய ஆண் ஈக்களை விட்டு இனத்தைக் குறைக்கும் வேலையை அந்த முகமைதான் பரப்புகிறது. ஒகினாவாவில் பூசணி ஈயை 1993-க்குள் ஒழித்தது அந்த முறையில்தான்.

நம் தோப்புகளில் சீசனில் அந்த எண் 1-க்குக் கீழே இருப்பது அபூர்வம். அதனால் எல்லையைவிடப் போக்கைப் பாருங்கள் என்பேன். மூன்று வாரம் 2, 2, 3 என்று இருந்து நான்காம் வாரம் 9 ஆனால், அதுதான் மணி. அன்றே தரையைப் பாருங்கள், முற்றிய காயைப் பறிக்கத் தொடங்குங்கள். பொறியில் நூறு ஈ விழுந்தும் காய் பிஞ்சாக இருந்தால் பதற்றம் வேண்டாம், குத்துவதற்கு ஏற்ற பருவம் காய்க்கு இன்னும் வரவில்லை.

பொறி கட்டியதால் பக்கத்துத் தெரு ஈயெல்லாம் எங்கள் மரத்துக்கு வருகிறதா?

வருவது ஆண். ஆண் குத்தாது. நிம்மதியாக இருங்கள்.

பொறி நிறைய ஈ விழுகிறது, ஆனாலும் பழத்தில் புழு குறையவில்லை. ஏன்?

தரையைப் பாருங்கள். மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் ஒவ்வொரு பழமும் ஒரு ஈப் பண்ணை. பத்துப் பொறி கட்டி உதிர்பழத்தை அப்படியே விடுவதைவிட, பொறியே கட்டாமல் உதிர்பழத்தைத் தினமும் பொறுக்குவது மேல். இதை எத்தனை முறை சொன்னாலும் கடையில் வாங்கும் பொருளுக்குத்தான் மரியாதை.

பொறுக்கியதை வேலியோரம் கொட்டினால் பயனில்லை, எருக்குழியில் மேலாகப் போட்டாலும் பயனில்லை. இரண்டடி ஆழத்துக்குக் குறையாமல் புதைக்க வேண்டும். அல்லது தடித்த கறுப்புப் பாலிதீன் பையில் போட்டு வாயை இறுகக் கட்டி ஒரு வாரம் பத்து நாள் நல்ல வெயிலில் வையுங்கள். சென்னை வெயில் மீதியைப் பார்த்துக்கொள்ளும். மரத்தடி மண்ணை அவ்வப்போது கொத்திவிட்டால் கூட்டுப்புழு மேலே வந்து மைனாவுக்கும் எறும்புக்கும் போகும்.

நகரத்துக்குள் இன்னொன்று. தெருவோரம் நிற்கும் பாதாம் மரம் இந்த ஈக்குப் பிடித்த இடம். பழம் சிவந்து உதிர்ந்து, காரில் நசுங்கி, நடைபாதையெல்லாம் கிடக்கும், யாரும் பொறுக்குவதில்லை. சப்போட்டா, கொய்யா, நாவல், சீத்தா என்று வருடம் முழுக்க ஏதாவது ஒன்று பழுத்துக்கொண்டே இருப்பதால் நகரத்து ஈக்குப் பட்டினி என்பதே கிடையாது. உங்கள் மாமரத்தில் மட்டும் பொறி கட்டிவிட்டு எதிரில் உள்ள பாதாம் மரத்தை மறந்தால் எண்ணிக்கை இறங்காது. குடியிருப்போர் சங்கத்தில் பேச வேண்டிய விஷயம், தனி வீட்டு விஷயம் இல்லை.

மரத்தில் முசுறு எறும்பு கூடு கட்டியிருக்கிறது. எரித்துவிடலாமா?

பறிக்க ஏறுபவர் திட்டுவார், தெரியும். ஆனாலும் விடுங்கள். முசுறு நடமாடிய காயில் பழ ஈ உட்காரத் தயங்குகிறது. ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டு மாந்தோப்புகளில் நம் முசுறின் பங்காளி எறும்பை வைத்து ஆராய்ந்து, பழ ஈச் சேதம் நன்றாகக் குறைவதைக் காட்டியிருக்கிறார்கள். பறிக்கும் நாளில் மட்டும் கைகாலில் சாம்பல் பூசிக்கொண்டு ஏறுவது பழைய வழக்கம்.

மருந்து அடிக்கலாமா?

மரம் முழுக்க அடிப்பதில் பணம்தான் போகும். புழு பழத்துக்குள், கூட்டுப்புழு மண்ணுக்குள், மருந்து இலைமேல். ஈயை வரவழைத்துக் கொல்லும் தீனித் தெளிப்பு வேறு: ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் வெல்லமும் 2 மில்லி மாலத்தியான் 50 ஈசியும் கலந்து தெளிப்பது பரிந்துரைக்கப்பட்ட முறை. பழுக்கும் முன், இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை. அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று டப்பாமேல் இருப்பதை அப்படியே பின்பற்றுங்கள். வீட்டு மரத்துக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். கொய்யாவுக்குக் காய் எலுமிச்சை அளவு ஆவதற்குள் கவர் கட்டிவிடுங்கள். எட்டும் உயரத்து மாங்காய்க்கும் காகிதப் பை கட்டலாம். அதைத் தாண்டி ஈ குத்த முடியாது.

பறித்த பிறகு ஏதாவது செய்ய முடியுமா?

வெந்நீரில் முக்கலாம். 48 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் 60 நிமிடம் வைத்தால் மாங்காய்க்குள் இருக்கும் முட்டையும் புழுவும் செத்துவிடும். ஏற்றுமதிக்குச் செய்வதே இதுதான். கவனிக்க வேண்டியது 48 என்பதை: இரண்டு டிகிரி ஏறினால் தோல் வெந்து கறுக்கும், இரண்டு டிகிரி இறங்கினால் புழு குளித்துவிட்டு உள்ளேயே இருக்கும். தெர்மாமீட்டர் இல்லாமல் அண்டாவில் கைவைத்துப் பார்த்துச் செய்கிற வேலை இல்லை. ஜப்பானுக்குப் போகும் பழத்துக்கு நீராவி வெப்பமும் அமெரிக்காவுக்குப் போவதற்குக் கதிர்வீச்சும் கேட்கிறார்கள்.

கார்பைடு கல் வைத்தால் புழு சாகுமா என்று மண்டிப் பக்கம் சிலர் கேட்கிறார்கள். சாகாது. அது தடை செய்யப்பட்டதும்கூட.

இதை அயல்நாட்டு ஊடுருவல் ஈ என்று எழுதுகிறார்களே, எங்கிருந்து வந்தது?

நம்மிடமிருந்து போனது. டோர்சாலிஸ் ஆசியாவின் சொந்த ஈ, நமக்கு வந்தேறி அல்ல. மற்றவர்களுக்குத்தான் வந்தேறி.

2003-இல் கென்யாவில் மாந்தோப்புகளில் அதுவரை பார்க்காத ஒரு ஈ அகப்பட்டது. சில ஆண்டுகளில் ஆப்பிரிக்காவின் பல நாடுகளுக்குப் பரவியது. எங்கிருந்து என்று தேடியபோது இலங்கையிலும் அதே ஈ இருந்தது. 2005-இல் அதற்குப் புது இனமாக 'இன்வேடென்ஸ்' என்று பெயரிட்டார்கள். பத்து ஆண்டு ஆய்வுக்குப் பிறகு 2015-இல், அது வேறு இனமே இல்லை, டோர்சாலிஸ்தான் என்று முடிவானது. நம் தெருவோரப் பாதாம் பழத்தில் இருப்பது, அங்கே ஒரு கண்டத்தின் மாம்பழ வியாபாரத்தை உலுக்கிய ஈ.

நமக்கும் அந்தச் சூடு பட்டது. 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்தையும் கூடவே பாகல், புடல், கத்தரி உள்ளிட்ட சிலவற்றையும் தடை செய்தது. காரணம் சரக்கில் பழ ஈயும் வேறு பூச்சிகளும் வந்தது. மாம்பழத் தடை 2015 ஜனவரியில் நீங்கியது. 2024 தொடக்கத்தில் கலிபோர்னியாவின் ரெட்லேண்ட்ஸ் பகுதியில் இதே டோர்சாலிஸுக்காக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளின் கொல்லை மரங்களிலிருந்து பழங்களை அரசே பறித்து அப்புறப்படுத்தியது. நாம் "கொஞ்சம் புழு, நறுக்கி எறி" என்று போகிற ஈக்கு அங்கே அந்த வரவேற்பு.

அப்படியானால் நாம் கவனிக்க வேண்டிய வந்தேறி எது?

முக்கியமாக மத்தியதரைக்கடல் பழ ஈ. இந்தியாவில் அது நிலைகொள்ளவில்லை. ஆரஞ்சு, பீச் முதல் காபிப் பழம் வரை முன்னூறுக்குக் குறையாத பயிர்களில் வாழக்கூடியது. பார்த்தால் நம் ஈயிலிருந்து உடனே வேறுபாடு தெரியும்: உருவம் சிறியது, இறக்கை தெளிவாக இல்லாமல் மஞ்சளும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். மெத்தில் யூஜினாலுக்கு அது வராது. அதற்கு டிரைமெட்லூர் என்ற தனிக் கவர்ச்சி உண்டு. ஆகவே உங்கள் மாந்தோப்புப் பொறி அதைக் காட்டிக்கொடுக்கும் என்று நம்பாதீர்கள். துறைமுகமும் விமான நிலையமும் பழ மண்டியும் ஒரே நகரத்தில் இருக்கும் சென்னை போன்ற ஊரில், பழத்தை நறுக்கிப் பார்ப்பவர்களின் கண்தான் கூடுதல் காவல்.

மீனம்பாக்கத்திலிருந்து பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி மாம்பழம் எடுத்துப் போகலாமா?

ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விதி. அமெரிக்காவுக்குப் பயணப் பையில் எடுத்துப் போகக் கூடாது, கதிர்வீச்சு செய்து சான்றோடு போகும் வணிகச் சரக்குக்கு மட்டுமே அனுமதி. ஆஸ்திரேலியாவும் அப்படித்தான் கறார். வெளியே இருந்து வருபவர்களும் புதுப் பழத்தைப் பயிர்நலச் சான்று இல்லாமல் கொண்டுவரக் கூடாது. 2003-ஆம் ஆண்டுத் தாவரத் தடைகாப்பு ஆணை அதைச் சொல்கிறது. ஊறுகாயாகவோ மாங்காய் வற்றலாகவோ அனுப்பினால் பிள்ளைகள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், எந்த அதிகாரியும் பெட்டியைப் பிரிக்கச் சொன்னாலும் பதற வேண்டியதில்லை.

புதிதாக ஒரு ஈ விழுந்திருக்கிறது. யாரிடம் காட்டுவது?

திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களுக்குத் திரூரிலும், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் காட்டுப்பாக்கத்திலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் உள்ளன. நகரத்துக்குள் இருப்பவர்கள் மீனம்பாக்கம் ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள மண்டலத் தாவரத் தடைகாப்பு நிலையத்தை அணுகலாம். கிசான் கால் சென்டரின் 1800-180-1551 எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

படம் மட்டும் அனுப்பினால் பாதி நேரம் இனம் சொல்ல முடியாது. நான்கைந்து ஈயை மருந்துக்கடை ஸ்பிரிட் ஊற்றிய சின்னக் குப்பியில் போடுங்கள், இறக்கை நசுங்காமல். புழுவாகக் கிடைத்தால் பழத்தோடு ஒரு டப்பாவில் மணல் போட்டு வைத்து, மேலே துணி கட்டி, ஈயாக வெளிவந்த பிறகு கொண்டுபோங்கள். புழுவைப் பார்த்து இனம் சொல்வது நிபுணர்களுக்கே கடினம். குப்பிக்குள் பென்சிலால் எழுதிய ஒரு சீட்டு போடுங்கள்: தேதி, ஊர், எந்த மரம், பொறியில் என்ன கவர்ச்சி. பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.